அப்டேட் போட்டதும் சிஸ்டம் படுத்துருச்சா? ஃபார்மட்டுக்கு உடனே தலையாட்டாதீங்க

மாசத்துல ரெண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கு அப்டேட் விடும், அங்க அமெரிக்கால அவங்களுக்கு காலைல 10 மணின்னா நமக்கு ராத்திரி பத்தரை, பதினொண்ணரை ஆயிருக்கும், அதனால நம்மூரு சிஸ்டத்துல அது வந்து உக்காரது புதன்கிழமை காலைலதான். பாளையங்கோட்டைல ஆடிட்டர் ஆபீஸு, ஜங்ஷன்ல டிராவல்ஸு, முக்கூடல், அம்பை பக்கம் இ-சேவை மையம், எங்க இருந்து போன் வந்தாலும் அந்த ரெண்டு மூணு நாள்ல வர்ற பேச்சு ஒண்ணுதான், "அண்ணாச்சி நேத்து ராத்திரி வர நல்லாத்தான் ஓடுச்சி, காலைல ஆன் பண்ணா நீல கலர்ல என்னமோ வருது".

இதுக்கு கடைக்கு தூக்கிட்டு போனா பல எடத்துல ஒரு நிமிசம் பாத்துட்டு "ஓஎஸ் போயிருச்சி, ஃபார்மட் அடிச்சி புதுசா போடணும், நாளைக்கு சாய்ங்காலம் வாங்க"ன்னு சொல்லிருதாவ. எல்லாரையும் சொல்லல, பொறுமையா உக்காந்து பாத்து குடுக்கவங்களும் நம்மூருல இருக்காவ. ஆனா ஃபார்மட்னா டிஸ்க்க பூரா துடைக்கது, அது கடைக்காரருக்கு சுலபம், தொயரம் பூரா உங்களுக்குத்தான், டாலி கணக்கு, புள்ளையளோட சர்டிபிகேட் ஸ்கேன், வருசக்கணக்கா சேத்து வச்ச கல்யாண பத்திரிகை டிசைன் எல்லாம் போயிரும். அப்டேட் தப்பா போனா கெட்டுப்போறது விண்டோஸோட ஃபைலுதான், உங்க ஃபைல் பெரும்பாலும் டிஸ்க்குல அப்படியே இருக்கும். பெரும்பாலும்னு ஏன் சொல்லுதேன்னா 2018 அக்டோபர்ல வந்த 1809ங்கிற பெரிய அப்டேட் செல பேரோட டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே அழிச்சிருச்சி, மைக்ரோசாஃப்டே அத பாதில நிப்பாட்டி நவம்பர்லதான் சரி பண்ணி திரும்ப விட்டாங்க. அப்படி நடக்கது அபூர்வம். அதனால யாரு ஃபார்மட்னு சொன்னாலும் "கொஞ்சம் இருங்க"ன்னு சொல்லுங்க, கீழ சொல்லுதத ஒவ்வொண்ணா பாத்துட்டு கடைசில அதுக்கு போவலாம்.

மொதல்ல காத்திருக்கணும். அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது சுத்திக்கிட்டே இருக்கே, 30 சதவீதத்துல நிக்கேன்னு பவர அணைக்கதுதான் நெறைய சிஸ்டம் கெட்டுப்போக காரணம். எஸ்எஸ்டி இல்லாத பழைய ஹார்டு டிஸ்க் சிஸ்டத்துல ஒரு பெரிய அப்டேட் ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்கும், அது சாதாரணம். கேபினெட் முன்னாடி சின்னதா ஒரு லைட் மினுங்கும் பாருங்க, அது விட்டு விட்டு மினுங்குதுன்னா உள்ள வேலை நடக்கு, தொடாதீங்க. 'அன்டூயிங் சேஞ்சஸ்'னு வந்தா இன்னும் நல்லது, விண்டோஸே தன்னால அப்டேட்ட கழட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அதுல போயி கைய வச்சிராதீங்க. ரெண்டு மூணு மணி நேரம் ஆகியும் சதவீதம் நகரல, லைட்டும் மினுங்கலன்னா மட்டும் பவர் பட்டன அமுக்கி அணைக்கலாம். ஐப்பசி கார்த்திகைல மழை பெய்யும்போது கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, அந்த மாசத்துல யூபிஎஸ் பேட்டரி தாங்காத சிஸ்டத்துல அப்டேட் ஓட விடாம இருக்கது நல்லது. பாதி எழுதுத நேரத்துல கரண்ட் போயிட்டுன்னா நல்ல அப்டேட்டும் கெட்ட அப்டேட்டா ஆயிரும்.

அடுத்தது, ஸ்கிரீன்ல என்ன வருதோ அத போன்ல போட்டோ எடுத்து வச்சிக்கிடுங்க, நெறைய பேரு இத செய்யாம ரீஸ்டார்ட் ரீஸ்டார்ட்னு தட்டிருதாவ. கீழ 'ஸ்டாப் கோட்'னு ஒரு வார்த்தை வரும், 0xன்னு ஆரம்பிக்க ஒரு நம்பரும் வரலாம், அதுதான் நோய் பேரு. மெட்ராஸ்லயோ துபாய்லயோ இருக்க மகன்கிட்ட போன்ல "நீலமா வருதுடே"ன்னு சொன்னா அவனால அங்கன இருந்து ஒண்ணும் பண்ண முடியாது, அந்த போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பினா பாதி வேலை முடிஞ்சிது. ஒண்ணு மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க, உண்மையான நீல ஸ்கிரீன்ல போன் நம்பர் இருக்கவே இருக்காது. "உடனே இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு வந்தா அது பிரவுசர்ல வர்ற ஏமாத்து வேலை, கூப்பிடாதீங்க, பிரவுசர மூடுங்க. கூப்பிட்டு பணமும் போயிருச்சின்னா அந்தானைக்கு 1930க்கு அடிச்சி சொல்லணும், அதுதான் சைபர் மோசடிக்கு உள்ள அரசாங்க நம்பர்.

இப்ப வேலைக்கு வருவோம். விண்டோஸ் உள்ளயே போகலன்னா ரிகவரி ஸ்கிரீனுக்கு போவணும். சிஸ்டத்த ஆன் பண்ணுங்க, விண்டோஸ் படமும் சுத்துத புள்ளியும் வந்த உடனே பவர் பட்டன ஒரு 10 செகண்ட் அமுக்கி புடிச்சி அணைச்சிருங்க, திரும்ப அதே மாதிரி இன்னொரு தடவ, மூணாவது தடவ ஆன் பண்ணி சும்மா விட்டுருங்க. 'ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்'னு வந்து கொஞ்ச நேரத்துல ஒரு நீல மெனு வரும், பாத்து பயப்படாதீங்க, இது நல்ல நீலம். பாஸ்வேர்டு கேக்குத எடம் வர போகுதுன்னா இவ்வளவு கஷ்டம் வேண்டாம், ஷிஃப்ட் பட்டன புடிச்சிக்கிட்டே அங்கன உள்ள பவர் ஐக்கான்ல ரீஸ்டார்ட் குடுத்தா அதே மெனு வந்துரும்.

அதுல ட்ரபிள்ஷூட், அதுக்குள்ள அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதுக்குள்ள அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். ரெண்டு பட்டன் இருக்கும், குவாலிட்டி அப்டேட், ஃபீச்சர் அப்டேட். மாசா மாசம் வர்றது குவாலிட்டி, வருசத்துக்கு ஒருக்கா விண்டோஸே மாறி வர்றது ஃபீச்சர். மொதல்ல குவாலிட்டிய கழட்டுங்க, அதுலயே பல சிஸ்டம் எந்திச்சிரும். ஃபீச்சர் அப்டேட்ட கழட்ட 10 நாள்தான் டைம், பழைய விண்டோஸ் 'விண்டோஸ் ஓல்டு'ன்னு ஒரு ஃபோல்டர்ல அது வர இருக்கும், எடம் அடைக்குதேன்னு அத டிஸ்க் கிளீனப்ல அழிச்சிட்டீங்கன்னா திரும்பி போக வழி கெடையாது. கழட்ட முடியலன்னு சொல்லிச்சின்னா அதே மெனுல சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கு, அப்டேட்டுக்கு முந்துன தேதி எதாச்சும் இருந்தா அத எடுங்க, அதுல உங்க டாக்குமென்ட் போவாது, அந்த தேதிக்கு பொறவு போட்ட சாஃப்ட்வேரும் டிரைவரும் (டிஸ்ப்ளே, வைஃபை மாதிரி சாமான விண்டோஸோட பேச வைக்க சாஃப்ட்வேர்) மட்டும்தான் போவும். ஸ்டார்ட்அப் ரிப்பேரும் ஒருக்கா ஓட விடலாம்.

இங்க ஒரு சிக்கல் சொல்லணும். 2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 11க்கு வந்த கேபி 5066835ங்கிற அப்டேட் (கேபிங்கது மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் போடுத நம்பர்) இந்த ரிகவரி மெனுக்குள்ளயே யூஎஸ்பி மவுஸையும் கீபோர்டையும் வேலை செய்யாம ஆக்கிருச்சி, மெனு கண்ணு முன்னால இருக்கும் ஆனா ஒண்ணையும் அமுக்க முடியாது. 20ஆம் தேதி கேபி 5070773ன்னு அவசரமா ஒண்ண விட்டு அத சரி பண்ணாங்க. அப்படி மாட்டுனா ரவுண்டு பின் உள்ள பழைய பிஎஸ்2 கீபோர்டு இருந்தா சொருகி பாருங்க, அது வேலை செய்யும், டச் ஸ்கிரீன் இருந்தா அதுவும் வேலை செய்யும். அதனால பழைய கீபோர்டு ஒண்ண தூக்கி போடாம பரண்ல வச்சிருக்கது நல்லது.

இனி ரொம்ப முக்கியமானது, பிட்லாக்கர்ங்கிற விண்டோஸோட டிஸ்க் பூட்டு. புது லேப்டாப்புல, ஹோம் எடிஷன்ல கூட, டிஸ்க்க பூட்டி வச்சிருக்கும், நமக்கே தெரியாது. அப்டேட்டுக்கு பொறவு திடீர்னு "ரிகவரி கீ போடு"ன்னு 48 எழுத்துல ஒரு நம்பர் கேக்கும், எல்லாமே எண்ணுதான். 2025 மே மாசம் விண்டோஸ் 10க்கு வந்த கேபி 5058379 செல இன்டெல் சிஸ்டத்துல இப்படித்தான் கீய கேட்டு நிப்பாட்டுச்சி. அந்த கீ எங்க இருக்குன்னா, லேப்டாப் வாங்கும்போது எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போனீங்களோ அதுல இருக்கும், போன்ல அந்த அக்கவுண்ட தெறந்து டிவைசஸ்ல ரிகவரி கீன்னு பாத்தா கெடைக்கும், ஸ்கிரீன்ல காட்டுத கீ ஐடியோட மொத எட்டு எழுத்தும் அங்க உள்ளதும் ஒண்ணான்னு ஒத்து பாத்துக்கிடுங்க. வம்பு எங்கன்னா, வாங்குன கடைல "நானே செட்டப் பண்ணி தாரேன் அக்கா"ன்னு கடைக்காரரோட மெயில்லயே அக்கவுண்ட் போட்டு குடுத்திருப்பாவ. கீ அவருகிட்ட போயிரும், அவரு பாஸ்வேர்ட மறந்துட்டாலோ கடைய காலி பண்ணிட்டாலோ உங்க டிஸ்க்க தெறக்க யாராலயும் முடியாது, மைக்ரோசாஃப்டாலயும் முடியாது. அதனால இத படிக்க நேரத்துல உங்க லேப்டாப் நல்லா ஓடுதுன்னா இப்பவே செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ தெறந்து யாரு மெயில் இருக்குன்னு பாருங்க. உங்களோடதா இருந்தா அந்த 48 எண்ணையும் ஒரு பேப்பர்ல எழுதி பத்திரம், பாஸ்புக் வைக்க பீரோல வைங்க. லேப்டாப்புக்குள்ளயே சேவ் பண்ணி வைக்காதீங்க, பூட்டு விழுந்தா அதுவும் சேந்து உள்ள மாட்டிக்கிடும்.

அப்டேட்ட கழட்டியும் சரியாகலன்னா டிரைவர் தகராறா இருக்கலாம், விண்டோஸ் அப்டேட்டோட டிஸ்ப்ளே டிரைவர், வைஃபை டிரைவர் எல்லாம் கூடவே வரும். அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் குடுத்து 4 அமுக்குனா சேஃப் மோடு, அதாவது ரொம்ப வேண்டியத மட்டும் வச்சி விண்டோஸ் ஓடுதது, 5 அமுக்குனா நெட்டோட சேஃப் மோடு. சேஃப் மோடுல நல்லா ஓடி சாதாரணமா போனா படுத்துக்கிடுதுன்னா டிரைவர் மேலதான் சந்தேகம் விழணும். டிவைஸ் மேனேஜர்ல சந்தேகம் உள்ள டிஸ்ப்ளே, வைஃபை மாதிரி ஐட்டத்து மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக். அந்த பட்டன் மங்கலா இருந்தா பழைய டிரைவர் கைவசம் இல்லன்னு அர்த்தம், லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து எடுத்து போடணும்.

எதுவுமே ஒத்து வரல, விண்டோஸ் எந்திக்கவே மாட்டேங்குது, ஆனா டேட்டா வேணும். இதுக்கு ஒரு வழி இருக்கு, எல்லாரும் தெரிஞ்சி வச்சிக்கிடணும்னு ஆசப்படுதேன். ரிகவரி மெனுல கமாண்ட் ப்ராம்ப்ட்ட தெறங்க, கருப்பா ஒரு பெட்டி வரும், அதுல நோட்பேட்னு இங்கிலீஷ்ல தட்டி என்டர் குடுங்க, நோட்பேட் தெறக்கும். அதுல ஃபைல், ஓப்பன்னு போங்க, கீழ 'டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்'னு இருக்கத 'ஆல் ஃபைல்ஸ்'னு மாத்துங்க. இப்ப உங்க டிரைவ் எல்லாம் கண்ணுக்கு தெரியும், சி டிரைவ் இங்கன டி ன்னோ இ ன்னோ பேரு மாறி இருக்கலாம், உள்ள யூசர்ஸ் ஃபோல்டர் இருக்கது எதுன்னு பாத்து கண்டுபுடிங்க. பென்டிரைவ சொருகிட்டு வேண்டிய ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி காப்பி, பென்டிரைவுக்குள்ள போயி பேஸ்ட். எவ்வளவு ஆச்சின்னு பட்டை எதுவும் காட்டாது, பெட்டி அப்படியே ஒறைஞ்சி நிக்கும், பாக்கவங்க ஹேங்னு நெனச்சிருவாவ, உள்ள காப்பி ஆயிக்கிட்டுதான் இருக்கும். பென்டிரைவ் லைட் மினுங்குதது நிக்க வர பைய காத்திருங்க. டாலி டேட்டா ஃபோல்டர், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், இந்த மூணையும் எடுத்துட்டா அதுக்கு பொறவு யாரு ஃபார்மட் அடிச்சாலும் கவலை இல்ல. கடைல குடுக்கதுக்கு முன்னாடி இத மட்டுமாவது செஞ்சிருங்க, இல்ல கடைக்காரர்கிட்டயே இத செய்ய சொல்லிட்டு பக்கத்துலயே நில்லுங்க.

விண்டோஸ் தெறக்கு ஆனா ஏதோ ஒண்ணு மட்டும் வேலை செய்யலன்னா பிரச்சினை சின்னது. 2021 மார்ச்ல கேபி 5000802ன்னு ஒண்ணு வந்து, செல பிரிண்டர்ல பிரிண்ட் குடுத்தாலே சிஸ்டம் நீலமா போச்சி, அத கழட்டுனதும் சரியாச்சி, ஒரு வாரத்துக்குள்ள திருத்துன அப்டேட்டும் வந்துச்சி. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அடியில அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்னு இருக்கும், தேதிய பாத்து கழட்டிறலாம். கழட்டுன கையோட 'பாஸ் (Pause) அப்டேட்ஸ்' குடுத்து நிப்பாட்டி வைக்கணும், இல்லன்னா ராத்திரியே அதே அப்டேட் திரும்ப வந்து உக்காந்துக்கிடும். கேபி நம்பர வச்சி மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த் பக்கத்துல பாத்தா, தெரிஞ்ச கோளாறா, எப்ப சரி பண்ணுவாங்கன்னு அவங்களே போட்டிருப்பாங்க.

எல்லா கோளாறுக்கும் அப்டேட் மேல பழி போடவும் கூடாது. ரேம் ஸ்லாட்ல தூசி, சாவப்போற ஹார்டு டிஸ்க், இதுவும் நீல ஸ்கிரீன குடுக்கும். சிஸ்டம் தெறந்துச்சின்னா ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டின்னு இங்கிலீஷ்ல தட்டுங்க, தேதி வாரியா ஒரு வரைபடம் வரும், என்னைக்கி என்ன போட்டோம், என்னைக்கி இருந்து கெடுது எல்லாம் அதுல தெரியும். அப்டேட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே செவப்பு குறி விழுந்திருந்தா நோய் வேற எங்கயோ இருக்கு.

கம்பெனி லேப்டாப்ப வீட்டுல வச்சி வேலை பாக்க புள்ளையளுக்கு ஒண்ணு. 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை நடந்தது ஞாபகம் இருக்கும், க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கிற செக்யூரிட்டி சாஃப்ட்வேரோட ஒரு அப்டேட் ஃபைல் தப்பா போயி, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டம் விழுந்துச்சி, நம்ம நாட்டு ஏர்போர்ட்ல போர்டிங் பாஸ கையால எழுதி குடுத்தாங்க. அந்த ஃபைல் வெளிய போனது நம்ம நேரத்துக்கு காலைல 9.39, திரும்ப வாங்குனது 10.57, அந்த எடவெளில ஆன்ல இருந்து அந்த ஃபைல எறக்கிக்கிட்ட சிஸ்டம்தான் மாட்டுச்சி. சேஃப் மோடுல போயி அந்த ஒரு ஃபைல அழிச்சா போதும், ஆனா பிட்லாக்கர் கீ இல்லாம உள்ள போக முடியல, கீ கம்பெனிகிட்ட இருந்துச்சி. அதனால கம்பெனி லேப்டாப்ல நீங்களா எதையும் கழட்டாதீங்க, ஐடி டீமுக்கு போன் போடுங்க.

"இவ்வளவு தொல்லைன்னா அப்டேட்ட மொத்தமா அணைச்சிரலாம்லா அண்ணாச்சி"ன்னு கேப்பாவ. வேண்டாம். 2017 மார்ச்ல மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டைய அடைச்சி அப்டேட் விட்டாங்க, அத போடாத சிஸ்டத்துலதான் மே மாசம் வான்னாக்ரைங்கிற வைரஸ் பூந்து ஃபைல எல்லாம் பூட்டி பணம் கேட்டுச்சி. அணைக்க வேண்டாம், தள்ளி போடுங்க. விண்டோஸ் 11ல 5 வாரம் வர நிப்பாட்டலாம். ரெண்டாவது செவ்வாய் எப்பவும் 8லருந்து 14க்குள்ள வரும், ஜிஎஸ்டிஆர் 1ங்கிற ஜிஎஸ்டி ரிட்டர்ன மாசா மாசம் போடுதவங்களுக்கு கடைசி தேதி 11, ஜிஎஸ்டிஆர் 3பி ரிட்டர்னுக்கு 20, அப்ப கணக்கு ஆபீஸ்காரங்க 7ஆம் தேதி நிப்பாட்டி 21ஆம் தேதி தெறந்து விட்டா ரிட்டர்ன் போடுத அவசரத்துல சிஸ்டம் காலை வாராது, அதுக்குள்ள அப்டேட்டுல கோளாறு இருந்தா ஊரு உலகத்துக்கே தெரிஞ்சிரும். ஆபீஸ்ல நாலு சிஸ்டம் இருந்தா அதிகம் வேலை இல்லாத ஒண்ணுல மட்டும் மொதல்ல விட்டு ரெண்டு நாள் பாருங்க.

கடைசி வழியா 'ரீசெட் திஸ் பிசி' வர போயிட்டா 'கீப் மை ஃபைல்ஸ்' எடுங்க, ஃபைல் இருக்கும், சாஃப்ட்வேர் எல்லாம் போவும். டிடிபி கடைக்காரங்களுக்கு இதுல இன்னொரு நட்டம் இருக்கு, வாங்கி சேத்த தமிழ் ஃபான்ட் பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்ல இருக்கும், ரீசெட்ல அதுவும் போயிரும், பழைய பத்திரிகை ஃபைல தெறந்தா எழுத்து பூரா கொத்திப்போட்ட இங்கிலீஷா நிக்கும். அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டர இன்னைக்கே ஒரு பென்டிரைவுல காப்பி பண்ணி, மேல பேனாவால 'ஃபான்ட்'னு எழுதி மேசை டிராயர்ல போட்டு வைங்க.